வறுவலில் அக்ரிலமைடு: எண் நம்பும்படி வரவில்லையென்றால் எங்கே தேடுவது

குன்னூரில் ஒரு சிறிய உணவு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சுற்றுவட்டார மெஸ்கள், விடுதிச் சமையலறைகள், சிப்ஸ் கடைகளிலிருந்து காய்கறிப் பதார்த்தங்கள் எங்களிடம் வரும். உருளைக்கிழங்கு வறுவல், பீட்ரூட் பொரியல், காலிஃபிளவர் வறுவல், வதக்கிய சுக்கினி என்று எல்லாமே உண்டு. அவற்றில் சூட்டினால் உண்டாகும் அக்ரிலமைடு என்ற, உடலுக்குக் கேடு செய்யலாம் என்று கருதப்படும் சேர்மம் எவ்வளவு என்று அளப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. புதிதாகச் சேருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ‘இந்த எண் சரியா? ஏன் இப்படி வருகிறது?’ அவர்களுக்குச் சொல்வதையே இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எண் கோணலாக வந்தால் எல்லோரும் உடனே கருவியைத் திறக்கப் போகிறார்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டு முறை தவறு கருவிக்கு வெகு முன்னாலேயே நடந்திருக்கும். வாணலியில், டப்பாவில், மிக்சி ஜாரில் நடந்திருக்கும். அதனால் சமையலறைப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வாருங்கள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயில் இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் ஏறத்தாழ 120 டிகிரிக்கு மேல், ஈரம் வற்றிய நிலையில் சேரும்போது அக்ரிலமைடு உண்டாகிறது. வறுவலுக்குச் சிவந்த நிறமும் மணமும் தரும் அதே வினைதான். அவித்த காயில் இது கிட்டத்தட்ட இருக்காது. நாங்கள் அளப்பது எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவியில். அது சாற்றிலுள்ள சேர்மங்களைப் பிரித்து, அயனியாக்கி, அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும். நிறை 72 கொண்ட அயனி உடைந்து 55 ஆவதைப் பார்த்து அளவு சொல்கிறோம். 72 உடைந்து 27 ஆவதைப் பார்த்து உறுதிசெய்கிறோம். கார்பன்-13 சேர்த்த அக்ரிலமைடு இன்டர்னல் ஸ்டாண்டர்டு, அதாவது ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் சேர்த்து ஒப்பிடும் பொருள். அது 75-லிருந்து 58 ஆகும்.

ஒரே வாணலி, இரண்டு டப்பா, இரண்டு எண்

அதிகம் வரும் புகார் இதுதான். ஒரே வறுவலிலிருந்து எடுத்த இரண்டு டப்பாக்களில் ஒன்று 300, இன்னொன்று 520 மைக்ரோகிராம்/கிலோ காட்டுகிறது.

மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த அதே சாற்றை இரண்டாம் முறை கருவியில் ஏற்றுங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் கருவி சரி. அடுத்து, ஒரே டப்பாவில் அரைத்த விழுதிலிருந்து மூன்று தனித்தனி எடைகள் எடுத்துப் பிரித்தெடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் பிரித்தெடுத்தலும் சரி. மிஞ்சுவது மாதிரி எடுத்த விதம் மட்டுமே.

அக்ரிலமைடு துண்டின் உள்ளே பரவிக் கிடப்பதில்லை. சிவந்த மேல்தோலில்தான் குவிந்திருக்கிறது. உள்ளே மாவு ஈரமாக இருக்கும்வரை அங்கே சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. ஆகவே வாணலியின் அடியில் ஒட்டி முறுகிய துணுக்குகள் ஒரு டப்பாவில் நான்கைந்து கூடுதலாக விழுந்தாலே எண் தாவிவிடும். கரண்டியால் மேலாக அள்ளிய டப்பாவும் அடியைச் சுரண்டி அள்ளிய டப்பாவும் ஒன்றல்ல.

தீர்வு சலிப்பானதுதான், ஆனால் வேறு வழியில்லை. ஒரு முழு ஈடு வறுவலையும் வாங்குங்கள். அடியில் ஒட்டியதைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பரிமாறுவார்களா, தள்ளிவிடுவார்களா என்று சமைத்தவரிடம் கேளுங்கள். பரிமாறுவார்கள் என்றால் அதுவும் மாதிரியில் சேர வேண்டும். பிறகு முழுவதையும் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே அரையுங்கள். சூடாக அரைத்தால் எண்ணெயும் மாவும் பசையாகி, முறுகிய துணுக்குகள் அரைபடாமல் தப்பித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். மிக்சியை நீண்ட நேரம் ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜாரின் ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பூண்டு நிறைய சேர்ந்த பதார்த்தத்தை அரைத்தபின் மேசைமேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கந்தகம் கொண்ட தயோல் சேர்மங்கள் அக்ரிலமைடோடு பிணையக்கூடியவை. பிணைந்தது நம் கருவிக்குத் தெரியாது. அரைத்ததும் எடை போடுங்கள், மீதியை -20 டிகிரியில் வையுங்கள்.

சமையல் மாறவில்லை, எண் மட்டும் இரண்டு மடங்கு

கோத்தகிரிப் பக்கத்து மெஸ் ஒன்றில் ஒரே அக்கா, ஒரே வாணலி, ஒரே எண்ணெய். நவம்பரில் எடுத்ததைவிட ஜனவரி மாதிரி இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. நான் இரண்டு நாள் கருவியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் நேரில் போய்க் கேட்டேன். “வழக்கம்போலத்தான் வறுத்தேன் தம்பி. இந்தக் கிழங்குதான் போட்டதும் சிவந்துடுது, உள்ளே வேகிறதுக்குள்ளே வெளியே கருகிடுது” என்றார். முதலிலேயே அவரைக் கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

உருளைக்கிழங்கு குளிரில் கிடந்தால் அதன் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகும். 6 டிகிரிக்குக் கீழே வைக்கவே கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டலில் இருக்கும் எல்லை. எட்டு டிகிரி அளவிலேயே சர்க்கரை ஏறத் தொடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லின்மேல் உறைபனி விழுகிறது. தகரக் கொட்டகையில் சாக்கில் கட்டி வைத்த கிழங்குக்கு அதுவே குளிர்சாதனக் கிடங்கு. சமவெளியில் யோசிக்கவே தேவையில்லாத ஒரு காரணம் நமக்கு முதல் காரணமாகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். கிழங்கை நடுவில் வெட்டி, வெட்டுமுகத்தில் குளுக்கோஸ் அறியும் பட்டையை ஒட்டிப் பாருங்கள். மருந்துக்கடையில் சிறுநீர்ச் சர்க்கரைக்கு விற்கும் பட்டையே போதும். நல்ல கிழங்கு ஒன்றை ஒப்பிடப் பக்கத்தில் வெட்டி வையுங்கள், நிற வித்தியாசம் தெரியும். பட்டை ஃபிரக்டோஸைக் காட்டாது, ஆகவே அதை அளவுகோலாக எடுக்காதீர்கள், சைகையாக மட்டும் எடுங்கள். இன்னொரு வழி, இரண்டு கிழங்கிலிருந்தும் ஒரே தடிமனில் சீவல் எடுத்து, ஒரே எண்ணெயில், ஒரே நேரம் பொரித்துப் பாருங்கள். சர்க்கரை ஏறிய கிழங்கு பழுப்பாகிவிடும், மற்றது பொன்னிறத்தில் நிற்கும்.

சந்தேகம் உறுதியானால் எண்ணைத் திருத்தாதீர்கள். எண் சரி. கிழங்கைப் பற்றிய தகவலை அறிக்கையில் சேருங்கள். எந்த ரகம், நீர்போகக் கிழங்கா கார்போகக் கிழங்கா, தோண்டி எத்தனை நாள், எங்கே கிடந்தது என்று எழுதுங்கள். நீலகிரியில் குஃப்ரி ஜோதியும் குஃப்ரி சுவர்ணாவும் ஒரே கடையில் கலந்து கிடக்கும். ரகத்துக்கு ரகம் சர்க்கரை மாறும். ஊட்டி அருகே முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. இங்கேயே ரகத்தின் பெயர் இல்லாமல் ‘உருளை’ என்று மட்டும் எழுதி மாதிரி அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அப்படி வந்த எண்ணை வைத்துக்கொண்டு விவசாயியிடமோ சமைப்பவரிடமோ பேச எதுவும் இருக்காது.

அந்த மெஸ்ஸில் மீதிக் கிழங்கை அடுப்படிக்குப் பக்கத்து அறையில், 15 முதல் 20 டிகிரி இருக்கும் இடத்தில், மூன்று வாரம் வைக்கச் சொன்னோம். அப்படி வைத்தால் ஏறிய சர்க்கரையில் ஒரு பகுதி இறங்கும், முழுதும் இறங்காது. சீவலைப் பொரிக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்து அலசவும் சொன்னோம். அடுத்த மாதிரி நவம்பர் அளவுக்குப் பக்கத்தில் வந்தது.

ஊட்டியில் குறைவு, கோயம்புத்தூரில் அதிகம், இரண்டு பதிவேட்டிலும் 175 டிகிரி

எண்ணெய்ச் சூட்டுமானியை யார் சரிபார்த்தார்கள், எப்படி என்று கேளுங்கள். கொதிநீரில் நனைத்து ‘100 காட்ட வேண்டும்’ என்று திருகியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். குன்னூரில் 94-ஐ ஒட்டி. அந்தக் கொதிநீரை 100 என்று காட்டவைத்த சூட்டுமானி 175 என்று சொல்லும்போது எண்ணெய் உண்மையில் 167, 168-இல்தான் இருக்கும். அந்த ஏழெட்டு டிகிரி அக்ரிலமைடு கணக்கில் சின்ன விஷயம் அல்ல. ஐஸ் தண்ணீரில் 0 பாருங்கள், அது எந்த உயரத்திலும் மாறாது. கொதிநீரில் பார்ப்பதானால் உங்கள் ஊரின் உயரத்துக்கு 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள்.

சூட்டுமானி சரியாக இருந்தும் வித்தியாசம் வருகிறதா? காயை முதலில் அவித்துவிட்டு வறுக்கிறார்களா என்று பாருங்கள். மலையில் திறந்த பாத்திரத்தில் வேக நேரம் பிடிக்கும். கூடுதல் நேரம் நீரில் கிடந்தால் சர்க்கரையும் அஸ்பராஜினும் கூடுதலாக நீரில் இறங்க வழி உண்டு. அந்தத் தண்ணீரைக் கொட்டினார்களா, சேர்த்துச் சுண்டவைத்தார்களா என்பதும் முக்கியம்.

அவித்த காயிலும் பீக் தெரிகிறது

பீன்ஸ் பொரியலில், ஏன், காயே சேர்க்காத வெற்று மாதிரியான பிளாங்கில்கூட பீக், அதாவது கருவி வரையும் கோட்டில் எழும் முகடு, வருகிறது. இதில் நான்கு வழிகள் உண்டு, ஒவ்வொன்றாகப் போங்கள்.

பிளாங்கிலேயே இருந்தால் ஆய்வகம்தான் மூலம். அதே அறையில் யாராவது புரத ஆய்வுக்கு ஜெல் ஊற்றுகிறார்களா? அந்த ஜெல்லே பாலிஅக்ரிலமைடு. அதைத் தயாரிக்கும் பொடி சுத்தமான அக்ரிலமைடு. பொது தராசு, பொது பிப்பெட், கையுறை எல்லாவற்றிலும் அது ஒட்டியிருக்கும். நாம் தேடுவது கிலோவுக்கு மைக்ரோகிராம் என்பதை நினைவில் வையுங்கள். தனித் தராசு, தனிக் கண்ணாடிப் பாத்திரம், முடிந்தால் தனி அறை வேண்டும். ஜெல் வேலை செய்கிறவருக்கும் சொல்லுங்கள். அந்தப் பொடி நரம்புக்குக் கேடு.

பிளாங்க் சுத்தம், பொரியலில் மட்டும் இருக்கிறது என்றால் வேலினைச் சந்தேகியுங்கள். காய்கறியில் வேலின் என்ற அமினோ அமிலம் தாராளமாக உண்டு. அதன் அயனி 118. கருவியின் வாயிலேயே அது உடைந்து 72 ஆகி, அக்ரிலமைடு மாதிரியே வேஷம் போடும். 118 உடைந்து 72 ஆவதையும் பதிவில் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் பீக் நிற்கும் அதே நிமிடத்தில் அதுவும் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். 55-க்கும் 27-க்கும் உள்ள விகிதம் ஸ்டாண்டர்டில் (அளவு தெரிந்த தூய அக்ரிலமைடு கரைசலில்) இருப்பதிலிருந்து விலகுவதும் அதே சாடை. நேரயனிகளைப் பிடிக்கும் சுத்திகரிப்புக் குப்பியில் சாற்றை ஊற்றி எடுத்தால் வேலின் அங்கேயே தங்கிவிடும், அக்ரிலமைடு இறங்கி வரும்.

ஜிசி-எம்எஸ் என்ற, சாற்றைச் சூட்டில் ஆவியாக்கிப் பிரிக்கும் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. புரோமின் ஏற்றாமல் சாற்றை நேரடியாக ஏற்றினால், சாற்றில் மிஞ்சிய அஸ்பராஜினும் சர்க்கரையும் ஏற்றும் இடத்துச் சூட்டிலேயே அக்ரிலமைடாக மாறும். வாணலியில் நடக்காதது கருவிக்குள் நடந்துவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் பீக்கை நம்புங்கள். தாளித்த வெங்காயத்தைப் பாருங்கள். ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெயில் வதக்கிய காய்களில் சுக்கினி, பூண்டு, வெங்காயம் ஆகியவை முன்வரிசையில் இருந்தன. பீன்ஸை அவித்த பாதியும் தாளித்த பாதியுமாக வாங்கி அளந்தால் தெரிந்துவிடும்.

பிளாங்கில் வரும் பீக்கை எரிச்சலோடு அழித்துவிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 1997-இல் சுவீடனில் ஹாலந்துசோஸ் மலையில் ரயில் சுரங்கம் குடைந்தபோது, நீர்க்கசிவை அடைக்கப் பாறைக்குள் செலுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு கசிந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் தள்ளாடின. சுரங்கத் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் அக்ரிலமைடின் தடம் இருந்தது. ‘இது எங்கிருந்து வந்தது’ என்று விடாமல் தேடியதால்தான், 2002 ஏப்ரலில், சமைத்த உணவிலேயே இது உண்டாகிறது என்று உலகுக்குத் தெரிந்தது.

இன்டர்னல் ஸ்டாண்டர்டு பீக் சுருங்கிப்போகிறது

ஸ்டாண்டர்டு கரைசலில் உயரமாக நிற்பது, தேங்காய்த் துருவல் போட்ட பொரியலில் கால்வாசியாகிறது. வழியில் தொலைந்ததா, கருவியில் அமுங்கியதா? பிரித்தறிய ஒரே சோதனை போதும். எல்லாப் படிகளும் முடிந்த சாற்றில் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைச் சேர்த்து ஏற்றுங்கள். அதுவும் சிறுத்தே வந்தால், கூட வந்த உப்பும் சர்க்கரையும் அயனியாவதை அமுக்குகின்றன. சாற்றை ஐந்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், அல்லது சுத்திகரிப்பைக் கூட்டுங்கள். முழு உயரத்தில் வந்தால் முந்தைய படிகளில் எங்கோ ஓட்டை.

ஓட்டை பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். சாற்றை நைட்ரஜன் ஊதி வற்றவைக்கும்போது முழுதும் காயவிட்டால் அக்ரிலமைடும் கிளம்பிப் போகும். சில சொட்டு மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். இன்னொன்று எண்ணெய். இங்கே தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்பது எல்லோருக்கும் தெரியும். அது 24 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். குளிர்ந்த அறையில் நீரோடு கலக்கும்போது கொழுப்புக் கட்டிகள் துணுக்குகளை மூடிக்கொண்டு நீரை உள்ளே விடாது. முதலில் ஹெக்சேன் ஊற்றி, வெதுவெதுப்பாக வைத்துக் கொழுப்பைக் கரைத்து எடுங்கள், பிறகு நீர். நீர்ச் சாற்றைப் பிரித்தபின் அதே குளிர் உதவிக்கும் வரும். 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜ் சுற்றினால் மீதித் தேங்காய்க் கொழுப்பு மேலே தட்டாக உறையும், சாற்றைக் கீழிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடலை எண்ணெய்க்கு இந்த வசதி கிடையாது.

ரெக்கவரி 100 சதவீதம், ஆனாலும் எண் குறைவு என்று மனசு சொல்கிறது

மனசு சொல்வதில் நியாயம் இருக்கலாம். ரெக்கவரி, அதாவது நாம் சேர்த்ததில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்க, ஸ்டாண்டர்டை விழுதின் மேலே ஊற்றுகிறோம். அது மேலேயே கிடக்கிறது, எளிதாகத் திரும்பி வருகிறது. முறுகிய தோலுக்குள் அடைபட்ட அக்ரிலமைடு அப்படி அல்ல. 75 முதல் 110 சதவீதம் வரை ரெக்கவரி வந்தால் ஐரோப்பிய விதிப்படி தேர்ச்சி. ஆனால் அந்தத் தேர்ச்சி இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. நீர் விட்டுப் பிரித்தெடுத்த சக்கையைக் கொட்டாமல், மறுபடி நீர் விட்டுக் குலுக்கி அளந்து பாருங்கள். முதல் சாற்றில் வந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டாவதில் வந்தால் இன்னும் நைசாக அரைக்க வேண்டும், இன்னும் நேரம் ஊறவிட வேண்டும். மாதிரியை எடைபோட்ட உடனே, நீர் ஊற்றும் முன்பே இன்டர்னல் ஸ்டாண்டர்டைச் சேர்க்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

நிறைய வரட்டும் என்று காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பிஎச் ஏற்றிப் பிரித்தெடுக்காதீர்கள். எண் ஏறும், ஆனால் அது சாதாரண நீர்முறையோடு ஒப்பிட முடியாத எண். ஆப்பசோடா போட்ட பஜ்ஜி, பக்கோடா மாவு வந்தால் சாற்றின் பிஎச் பார்த்துக்கொள்வது நல்லது.

பீக் ரொம்பச் சீக்கிரம் வருகிறது, அல்லது இரண்டாகப் பிளக்கிறது

அக்ரிலமைடு நீரை மிகவும் விரும்பும் மூலக்கூறு. சாதாரண சி-18 பிரிப்புக் குழாயில் நிற்காமல், உப்பும் சர்க்கரையும் வெளியேறும் கூட்டத்தோடு ஓடிவிடும். முழு நீரையும் தாங்கும் வகைக் குழாய் அல்லது கிராஃபைட் கார்பன் குழாய் வேண்டும். ஓடும் திரவத்தில் மெத்தனால் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் போதும். பிளந்த பீக் வந்தால் சாறு எதில் இருக்கிறது என்று பாருங்கள். சில முறைகளில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் பிரித்தெடுப்பார்கள். அந்தச் சாற்றை அப்படியே ஏற்றினால் கரைப்பான் அக்ரிலமைடை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். நீருக்கு மாற்றி ஏற்றுங்கள்.

காலை முதல் இரண்டு மூன்று ஓட்டம் மட்டும் நேரம் தள்ளிப்போனால் அறைக் குளிர்தான் காரணம். குழாய் அடுப்பை 40 டிகிரியில் வைத்து, ஓடும் திரவம் அறைச்சூட்டுக்கு வந்தபின் தொடங்குங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் மட்டும் அசிட்டோநைட்ரைல் நீரிலிருந்து சரியாகப் பிரியவில்லையா? நீரை உறிஞ்சி அதைப் பிரிக்கச் சேர்க்கும் மெக்னீசியம் சல்பேட் டப்பாவைத் திறந்து பாருங்கள், கட்டியாகியிருக்கும். ஜூன், ஜூலை ஈரத்தை அது குடித்துவிட்டது. மஃபிள் உலையில் 500 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து, சூடு ஆறியதும் இறுக்கி மூடுங்கள்.

எண் சரி, அறிக்கை தப்பு

ஆளைக் கலங்கடிப்பது இதுதான். 450 என்று எழுதிவிட்டு அலகை மில்லிகிராம் என்று போட்ட அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் அடுப்பையே அணைத்துவிட்டார். அலகை இரண்டு பேர் படியுங்கள்.

ஈர எடைக்கா, உலர் எடைக்கா என்று கட்டாயம் எழுதுங்கள். 100 கிராம் பச்சைக் கிழங்கு வறுத்தபின் 40 கிராம் ஆகிறது என்றால், உள்ளே இருப்பது எதுவானாலும் நீர் போனதாலேயே இரண்டரை மடங்கு செறிவாகத் தெரியும். இரண்டு மெஸ்களை ஒப்பிடும்போது நீரளவையும் அளந்து பக்கத்தில் வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/2158 விதியில் உண்ணத் தயாரான ஃபிரெஞ்ச் ஃபிரைஸுக்கு 500, உருளைச் சிப்ஸுக்கு 750 மைக்ரோகிராம்/கிலோ என்று இருக்கிறது. அவை அளவுக்குறிகள், தாண்டினால் தடை என்ற உச்சவரம்பு அல்ல. தாண்டினால் சமைக்கும் முறையைத் திருத்து என்பதே அவற்றின் பொருள். பீட்ரூட் பொரியலின் எண்ணை எடுத்து ஃபிரைஸ் எண்ணோடு நிறுத்தி ‘ஆபத்து’ என்றோ ‘பாதுகாப்பு’ என்றோ எழுதாதீர்கள். எந்தப் பதார்த்தம், எந்த ஈடு, எண்ணெய்ச் சூடு எவ்வளவு, எத்தனை நிமிடம், கிழங்கு எங்கே கிடந்தது என்று எழுதி, கீழே எண்ணைப் போட்டு, சமைத்தவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.